ஆறு சாட்சிகளும் பொய்யா?

மணப்பாட்டுக்கு அக்கம்பக்கத்து ஊர்களான மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி ஆகியவற்றின் நிலத்தில் நம் நாட்டின் இரண்டாவது விண்வெளி ஏவுதளம் உருவாகி வருகிறது. குலசேகரன்பட்டினம் ஏவுதளம் என்பது அதன் பெயர். 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டா இருக்க இது எதற்கு என்று கேட்போருக்கு விடை எளிது. துருவங்களைச் சுற்றும் பாதைக்குச் செல்ல வேண்டிய ராக்கெட் தெற்கு நோக்கிப் பறக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கிடும். அதைத் தவிர்க்க ராக்கெட் முதலில் தென்கிழக்கே சென்று பிறகு திரும்புகிறது. அந்த வளைவுக்குச் செலவாகும் ஆற்றல் பெரிய ராக்கெட்டுக்குப் பொருட்டல்ல. சிறிய ராக்கெட்டுக்கோ அது பெருஞ்சுமை. நம் கரையிலிருந்து தெற்கே நோக்கினால் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை.

இங்கிருந்து பறக்கவிருக்கும் எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு ராக்கெட்டின் உயரம் 34 மீட்டர், எடை 120 டன். திட எரிபொருளால் இயங்கும் மூன்று அடுக்குகள், உச்சியில் வேகத்தைச் சீர்செய்ய ஒரு சிறிய திரவ எரிபொருள் பகுதி. இவ்வளவே அதன் அமைப்பு. ஏவுதளத்தைப் பற்றி ஊரில் பேச்சுக்குக் குறைவில்லை. நிலம், வேலைவாய்ப்பு, ராக்கெட் பறக்கும் நாளில் கடலுக்குப் போக முடியுமா என்னும் கவலை ஆகியவை எல்லாம் நியாயமான பேச்சுகளே. ஆனால் 120 டன் எடையுள்ள ஒரு பொருளைச் சாயாமல் பறக்கவைப்பது எது, அதற்கான கணக்கை எப்படிப் போடுகிறார்கள், அந்தக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விகள் பத்திரிகைகளில் எழுவதில்லை. எழுந்த ஒரு தருணத்திலும் தவறான விடையே பரவிற்று. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

அந்தத் தருணம் 2022 ஆகஸ்டு 7. எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பறத்தல் அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடைபெற்றது. இ.ஓ.எஸ்.-02 என்ற துணைக்கோளும், நாட்டின் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் பங்குகொண்டு உருவாக்கிய ஆசாதிசாட் என்ற சிறு துணைக்கோளும் அதில் இருந்தன. மூன்று திட எரிபொருள் அடுக்குகளும் குறையின்றி எரிந்தன. ஆயினும் 356 கிலோமீட்டர் உயர வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு முனையில் பூமியிலிருந்து ஏறத்தாழ 76 கிலோமீட்டர் உயரத்துக்கே இறங்கிவிடும் நீள்வட்டப் பாதையில் துணைக்கோள்கள் சேர்ந்தன. அவ்வளவு தாழ்வில் காற்று இருக்கிறது, அவை நிலைக்கவில்லை.

இந்தப் பிழை எவ்வளவு சிறியது என்பதைக் கல்லூரி இயற்பியல் படித்த எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற விநாடிக்குச் சுமார் 7.69 கிலோமீட்டர் வேகம் வேண்டும். மேற்சொன்ன நீள்வட்டத்தின் உச்சிப் புள்ளியில் வேகம் சுமார் 7.61 கிலோமீட்டர். வேறுபாடு விநாடிக்கு 80 மீட்டர். நூற்றுக்கு ஒரு பங்கு! நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் பெற்றவன் தோல்வியடையும் தேர்வு இது.

மறுநாள் பத்திரிகைகள் ‘சென்சார் பழுது’ என்று எழுதின. பலருடைய நினைவில் இன்றும் அதுதான் நிற்கிறது. ஆய்வுக்குப் பின் இஸ்ரோ வெளியிட்ட விளக்கம் வேறு. இரண்டாம் அடுக்கு பிரியும்போது, கருவிகள் பொருத்தப்பட்டிருந்த தளத்தில் சிறிது நேரம் கடுமையான அதிர்வு ஏற்பட்டது. அங்கே ஆறு முடுக்கமானிகள் இருந்தன. அதிர்வில் அவற்றின் அளவீடு உச்சவரம்பை எட்டி நின்றது. பழுதான கருவியைக் கண்டுபிடித்து விலக்குவதற்கென்று கணிப்பொறியில் எழுதப்பட்டிருந்த விதி, ஆறையும் பழுது என்று தீர்ப்பளித்துவிட்டது. கருவிகளை நம்ப முடியாதபோது கைக்கொள்ள வேண்டும் என முன்பே வகுத்திருந்த மாற்று வழிக்கு ராக்கெட் மாறிற்று. அந்த வழி துணைக்கோள்களுக்குப் போதிய வேகத்தைக் கொடுக்கவில்லை.

ஆக, சாட்சிகள் உண்மையைத்தான் சொன்னார்கள். நீதிபதி நம்பவில்லை.

இதைப் புரிந்துகொள்ளக் கட்டுப்பாட்டு இயலின் ஒரு பகுதியைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் விளக்குமாற்றை நிமிர்த்தி நிறுத்தி விளையாடாத சிறுவர் உண்டா? அது சாயும் பக்கத்தைக் கண் பார்க்கிறது. கை அந்தப் பக்கம் நகர்கிறது. பார்ப்பதும் திருத்துவதும் ஒரு சுற்றாக இடைவிடாது நடக்கின்றன. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். ராக்கெட்டும் இவ்வகையே. கண்ணுக்குப் பதில் சுழல்மானிகளும் முடுக்கமானிகளும். கைக்குப் பதில் புகை பீறிடும் திசையைச் சற்றே திருப்பும் ஏற்பாடு. நீராவி இயந்திரத்தின் வேகத்தைக் காக்கும் சுழல் குண்டுகள் சில வேளைகளில் ஏன் தாமே தள்ளாடுகின்றன என்பதை மாக்ஸ்வெல் 1868-இல் சமன்பாடுகளால் ஆராய்ந்தார். பின்னூட்டம் காக்கவும் செய்யும், கவிழ்க்கவும் செய்யும் என்பது அன்று முதல் தெரிந்த செய்தி.

சிக்கல் என்னவென்றால், சமன்பாட்டில் வரும் எண்கள் நமக்குத் துல்லியமாகத் தெரிவதில்லை. திட எரிபொருள் ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் எரியாது. மேலடுக்குக் காற்றின் வீச்சு நாளுக்கு நாள் மாறும். ராக்கெட்டின் உடல் மூங்கிலைப் போல வளையும்; எவ்வளவு வளையும் என்பது தோராயமே. இத்தகைய வேறுபாடுகள் இருந்தும் நிலைகுலையாத கட்டுப்பாட்டை வடிவமைப்பது ஒரு தனித்துறை. தமிழில் இதைச் சிலர் ‘உறுதிக் கட்டுப்பாடு’ என்கிறார்கள். எனக்கு அச்சொல் பிடிக்கவில்லை. உறுதி என்றவுடன் யாரோ உத்தரவாதம் கொடுத்துவிட்டது போன்ற எண்ணம் எழுகிறது. ‘தாங்குதிறக் கட்டுப்பாடு’ என்று சொல்லலாம். தாங்கும் என்றதும் ‘எதைத் தாங்கும்?’ என்று கேட்கத் தோன்றுமல்லவா?

தேவை எவ்வாறு உணரப்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960-களில் கால்மன் முதலியோர் வகுத்த ‘உகந்த கட்டுப்பாடு’ மிகுந்த செல்வாக்குப் பெற்றது. அதன் பிரபலமான வடிவம் ஒன்றுக்கு, எண்கள் சிறிது மாறினாலும் தாங்கும் என்ற உத்தரவாதம் ஏதும் கிடையாது என்று ஜான் டாயில் 1978-இல் ஒரு மிகச் சிறிய கட்டுரையில் காட்டினார். 1981-இல் ஜார்ஜ் ஜேம்ஸ், மிக மோசமான நிலைமையையே அளவுகோலாக வைக்கும் ‘எச்-முடிவிலி’ முறைக்கு வித்திட்டார். 1989-இல் டாயில், குளோவர், கார்கோனேகர், பிரான்சிஸ் ஆகிய நால்வர் அதைக் கணிப்பொறி எளிதில் விடுவிக்கக்கூடிய இரண்டு சமன்பாடுகளாகச் சுருக்கினர். இவர்களில் பிரமோத் கார்கோனேகர் பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்றவர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இம்முறைகளின் அருமை விளங்கும். ஒரு கட்டுப்பாட்டு அமைப்பின் முப்படிச் சமன்பாட்டில் முதல் கெழு 1 என்றும், மற்ற மூன்றும் வரிசையாக 4, 5, 12 என்றும் கொள்வோம். இந்த மூன்றில் முதல் இரண்டின் பெருக்கல் மூன்றாவதைவிடப் பெரிதாக இருந்தால் அமைப்பு நிலையானது. இது ரௌத் கண்ட விதி. 4-ஐ 5-ஆல் பெருக்க 20, 12-ஐவிடப் பெரிது. நிறைய இடைவெளி இருப்பதாகத் தோன்றுகிறது. இப்போது ஒவ்வோர் எண்ணும் நூற்றுக்கு இருபது கூடவோ குறையவோ செய்யலாம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் எண்ணை மட்டும் 3.2 ஆகக் குறையுங்கள். பெருக்கல் 16, நிலையானது. இரண்டாவதை மட்டும் 4 ஆகக் குறைத்தாலும் 16 தான். மூன்றாவதை மட்டும் 14.4 ஆகக் கூட்டினாலும் 20 அதைவிடப் பெரிது. சரி, இரண்டிரண்டாக மாற்றிப் பார்ப்போம். முதல் இரண்டையும் குறைத்தால் 12.8, அதுவும் 12-ஐவிடப் பெரிதே. முதலாவதைக் குறைத்து மூன்றாவதைக் கூட்டினால் 16-க்கு எதிரே 14.4. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தாலும் அதே கதை. எல்லாம் தாங்குகிறது. ஆனால் மூன்றும் ஒருசேர மாறினால்? 12.8-க்கு எதிரே 14.4. அமைப்பு கவிழ்ந்துவிடுகிறது!

நம் கல்லூரிப் பாடங்களில் கெழுக்களைத் துல்லியமான எண்களாகக் கொடுத்து ‘நிலையானதா, இல்லையா’ என்று கேட்கிறோம். மாணவன் ‘நிலையானது’ என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறான். ‘எவ்வளவு மாறும் வரை நிலையானது?’ என்ற அடுத்த கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. உண்மையான பொறியியல் தொடங்குவது அங்கேதான்.

மேற்கண்ட மூலையைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ரஷ்யக் கணித அறிஞர் கரித்தோனவ் 1978-இல் ஒரு வியப்பான தேற்றத்தை வெளியிட்டார். கெழுக்கள் ஒவ்வொன்றும் தத்தம் எல்லைக்குள் சுதந்திரமாக மாறுமானால், எண்ணற்ற சமன்பாடுகளைச் சோதிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட நான்கைச் சோதித்தால் போதும். நமது முப்படிக் கணக்கில் ஒன்றே போதும். ஆனால் ராக்கெட்டில் கெழுக்கள் சுதந்திரமானவை அல்ல. எரிபொருள் தீரத் தீர எடை, நிறைமையம், உந்துவிசை எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து மாறும். அங்கே இத்தேற்றத்தை அப்படியே கையாண்டால், ஒருபோதும் நிகழாத சேர்க்கைகளுக்கும் அஞ்ச வேண்டியதாகிவிடும்.

மற்ற வழி, எண்களைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கணிப்பொறியில் ஆயிரக்கணக்கான முறை ‘பறக்கவிட்டு’ப் பார்ப்பது. பெங்களூரில் செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டியல் மையத்தின் இயக்குநராக இருந்த எம். வித்யாசாகர் இத்தகைய முறைகளுக்குக் கணித அடிப்படை அமைத்தவர்களுள் ஒருவர். சுமார் 4,600 முறை குலுக்கி ஒரு முறைகூடத் தோல்வி வராவிட்டால், தோல்வியின் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நம்பிக்கையோடு சொல்லலாம். மாறக்கூடிய எண்கள் மூன்றானாலும் முந்நூறானாலும் குலுக்கல்களின் எண்ணிக்கை இதுவே என்பது இம்முறையின் பெரிய வசதி. நமது கணக்கில் கவிழும் மூலை, மொத்தப் பரப்பில் ஆயிரத்துக்கு மூன்றுக்குச் சற்று மேலான பங்கு. நூறு முறை மட்டும் குலுக்கினால் அது கண்ணில் படாமலே போவதற்குப் பத்துக்கு ஏழு வாய்ப்பு உண்டு. ‘நூறு முறை சோதித்தோம்’ என்று யாரேனும் பெருமையாகச் சொன்னால் வாசகர்கள் இதை நினைவில் கொள்க.

இவை அரிய முறைகள். இவற்றைக் குறைகூற வரவில்லை. என் ஆட்சேபம் வேறு இடத்தில். மோசமான மூலையைத் தேடினாலும், குலுக்கிப் பார்த்தாலும், கணக்கு ஒரு பட்டியலிலிருந்து தொடங்குகிறது. எந்தெந்த எண்கள் மாறலாம், எவ்வளவு மாறலாம் என்ற பட்டியல் அது. அதை எழுதுவது மனிதன். பட்டியலில் உள்ளதைக் கணிப்பொறி சல்லடை போட்டுத் தேடும். பட்டியலில் இல்லாததைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது. 4,600 என்பதை 46 லட்சமாக்கினாலும் அப்படித்தான்.

நம் ராக்கெட்டுகளின் வரலாறு இதைக் காட்டுகிறது. 1988 ஜூலை 13-இல் ஏ.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் பறத்தல். பக்கவாட்டு ராக்கெட்டுகள் எரிந்து முடிந்து மைய ராக்கெட் பொறுப்பேற்கும் இடைவெளியில் கட்டுப்பாட்டு விசை போதாமல் நிலைகுலைந்தது. காற்றின் அழுத்தம் உச்சத்தில் இருந்த நேரம் அது. பக்கவாட்டு ராக்கெட்டுகள் எதிர்பார்த்ததற்கு முன்பே ஓய்ந்துவிட்டன. 1993 செப்டம்பர் 20-இல் பி.எஸ்.எல்.வி.யின் முதல் பறத்தல். இரண்டாம் அடுக்குக்கும் மூன்றாம் அடுக்குக்கும் இடையே பிரிவு சரிவர நிகழாமல் எதிர்பாராத ஆட்டம் ஏற்பட்டது. அதைத் திருத்தக் கணிப்பொறி பிறப்பித்த கட்டளை குறித்த வரம்பைத் தாண்டவே, மென்பொருளில் மறைந்திருந்த ஒரு பிழை வெளிப்பட்டது. ஐ.ஆர்.எஸ்.-1இ துணைக்கோள் வங்கக் கடலில் விழுந்தது. மூன்றாவது, 2022-இன் எஸ்.எஸ்.எல்.வி.

மூன்றும் வெவ்வேறு ராக்கெட்டுகள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள். ஆயினும் மூன்றும் இடறிய இடம் ஒன்றே: ஓர் அடுக்கு பொறுப்பை மற்றோர் அடுக்கிடம் ஒப்படைக்கும் மூட்டு. இது தற்செயலல்ல என்பது என் கருத்து. நாம் மேலே கண்ட முறைகள் எல்லாம் ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொண்டு அதன் எண்கள் கூடக் குறைய மாறுவதை ஆராய்கின்றன. அடுக்கு பிரியும் கணத்திலோ மாறுவது எண் அல்ல, சமன்பாடே மாறுகிறது. எடை ஒரு நொடியில் சரிகிறது. கீழ் இயந்திரம் அணைந்து மேல் இயந்திரம் மூளும் வரை, புகையின் திசையைத் திருப்பித் திருத்தும் வழி இல்லை. வெடிமருந்தோ சுருள்வில்லோ பிரிவை நிகழ்த்தும்போது அதிர்ச்சி அலை உடலெங்கும் ஓடுகிறது. ஒரு சமன்பாட்டுக்கும் அடுத்த சமன்பாட்டுக்கும் நடுவே நிற்கும் அந்தக் கணம், எந்தக் கணக்கின் பொறுப்பிலும் முழுமையாக வருவதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. ஓர் அதிர்வெண்ணில் தடுமாற்றத்தைக் குறைத்தால் வேறோர் அதிர்வெண்ணில் அது கூடியே தீரும் என்று போட் என்பவர் 1945-லேயே நிறுவிவிட்டார். காற்றடைத்த தலையணையை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் புடைப்பதைப் போல. கற்பனைக்கெட்டிய எல்லா ஆபத்துகளுக்கும் அஞ்சி வடிவமைத்த ராக்கெட் மந்தமாகிவிடும். சில சமயம் அப்படி ஒரு கட்டுப்பாட்டை அமைக்கவே முடியாது. பொறியாளர்களின் இந்த வாதத்தை மறுப்பதற்கில்லை.

நான் கேட்பது பட்டியலை நீட்டுவதை அல்ல. பட்டியலுக்கு வெளியிலிருந்து ஒன்று வரும்போது விதி எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான். ஆறு முடுக்கமானிகளை ஏன் வைக்கிறோம்? ஒன்று பழுதானாலும் மற்றவை இருக்கும் என்றுதானே? ஒரு கருவி பழுதாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஆறும் தனித்தனியே ஒரே கணத்தில் பழுதாகும் வாய்ப்பு, ஒன்றுக்குப் பின் பதினெட்டுப் பூச்சியங்கள் போட்ட எண்ணில் ஒரு பங்கு. ஆறையும் ஒருசேர உலுக்கும் ஓர் அதிர்ச்சி லட்சத்தில் ஒரு முறையே வரும் என்று மிகத் தாராளமாகக் கொண்டாலும், அதன் வாய்ப்பு முன்னதைவிடப் பத்து லட்சம் கோடி மடங்கு அதிகம். ஆகவே ஆறு கருவிகளும் ஒரே நேரத்தில் ஒரே விதமாக மிரண்டால், நியாயமான முடிவு ‘ஆறும் பழுது’ என்பதன்று. ‘வெளியே ஏதோ நடந்திருக்கிறது, சற்றுப் பொறுத்து மறுபடி கேள்’ என்பதே. ஒவ்வொரு கருவியாக விசாரித்துத் தள்ளும் விதிக்கு இந்தப் பொது அறிவு இருக்கவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1996 ஜூன் 4-இல் ஐரோப்பாவின் ஆரியேன்-5 முதல் முறையாகப் பறந்தபோது, ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்தில் அடைக்க முயன்று அதன் வழிகாட்டிக் கருவி செயலிழந்தது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியும் அதே காரணத்தால், 72 மில்லி விநாடிக்கு முன்பே செயலிழந்திருந்தது. இரண்டிலும் ஓடியது ஒரே மென்பொருள்; ஆரியேன்-4 ராக்கெட்டுக்கு எழுதி, அங்கே பல்லாண்டுகள் குறையின்றி உழைத்தது. இரட்டைக் காவல் போட்டும், இரு காவலரும் ஒரே கனவைக் கண்டார்கள்!

இஸ்ரோ பாடம் கற்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏ.எஸ்.எல்.வி.யின் அடுத்த வடிவத்துக்கு அடியில் துடுப்பு இறக்கைகள் பொருத்தினார்கள். மைய ராக்கெட்டைக் கடிகாரப்படி மூட்டாமல், பக்கவாட்டு ராக்கெட்டுகள் ஓய்வதை நேரில் உணர்ந்து மூட்டும் ஏற்பாடு செய்தார்கள். நான் மேலே சொன்ன பொது அறிவுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு: முன்கூட்டிய கணக்கை நம்பாமல் அந்தக் கணத்தைக் கேட்டு முடிவெடுப்பது. 1992 மே 20-இல் அது வெற்றிகரமாகப் பறந்தது. எஸ்.எஸ்.எல்.வி.யிலும் இரண்டாம் அடுக்கைப் பிரிக்கும் பொறியமைப்பையும், பழுது கண்டறியும் விதியையும் மாற்றினார்கள். 2023 பிப்ரவரி 10-இல் நடந்த இரண்டாம் பறத்தலும், 2024 ஆகஸ்டு 16-இல் நடந்த மூன்றாவதும் வெற்றி பெற்றன. ஆனால் 1992-இன் அந்தப் பாடம் ஒரு ராக்கெட்டின் திருத்தமாக நின்றுவிடாமல், அடுத்த ராக்கெட்டின் பிறப்பிலேயே விதியாக அமைந்திருந்தால் 2022-இன் தீர்ப்பு வேறாக இருந்திருக்கக்கூடும்.

பாடம் ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்கும், ஆய்வுக்கூடத்திலிருந்து கல்லூரிக்கும் போக வேண்டுமானால் அது எழுத்தில் கிடைக்க வேண்டும். ஆரியேன் விசாரணைக் குழு ஜூலை 19-இல், அதாவது ஆறு வாரங்களில் அறிக்கை தந்தது. எந்த மாறி எந்த வரம்பைத் தாண்டியது என்பது உட்பட அது வெளியிடப்பட்டது; இன்றும் உலகெங்கும் மென்பொருள் வகுப்புகளில் அதைப் படிக்கிறார்கள். எஸ்.எஸ்.எல்.வி. தோல்வியைப் பற்றி இஸ்ரோவும் இரண்டாம் பறத்தலுக்கு முன் சில பக்கச் சுருக்கம் ஒன்றை வெளியிட்டது. அதனால்தான் இவ்வளவும் எழுத முடிந்தது, அதற்கு நன்றி. ஆனால் குலசேகரன்பட்டினத்தில் முதல் எஸ்.எஸ்.எல்.வி. நிமிர்ந்து நிற்பதற்கு முன் முழு அறிக்கையும் வர வேண்டும்: தளத்தின் அதிர்வு நேரத்தோடு எப்படித் தணிந்தது என்ற வரைபடம், விதியில் இருந்த வரம்பெண்கள், அவை பின்னர் எவ்வாறு மாற்றப்பட்டன என்ற விவரம், இவை எல்லாம் சேர்த்து, தமிழிலும். தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்கள் அந்த எண்களை வைத்துக்கொண்டு பழைய விதியையும் புதிய விதியையும் தாங்களே ஒரு சாதாரணக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்கலாம். மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு எட்டாத கணக்கல்ல அது.